பழைய நகரம், மலை நடை, காடு, மூன்றும் ஒரே பயணத்தில்: எந்த லென்ஸ் வரட்டும், எது வீட்டில் இருக்கட்டும்?

தூரத்துமலை

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் ஒரு நீண்ட பயணம். முதலில் ஒரு பழைய நகரம், குறுகலான தெருக்கள், கல் கட்டடங்கள். அப்புறம் மலையில் நாலு பேரோடு சில நாள் நடை. ஒரு தங்குமிடத்திலிருந்து அடுத்ததற்கு நடந்தே போக வேண்டும், பையை நாமே சுமக்க வேண்டும். கடைசியில் காட்டுக்குள் ஜீப்பில் சுற்றல்.

என்னிடம் இருப்பவை: சோனி ஏ7 III பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா (650 கிராம்), 24-105 எஃப்/4 (663), 16-35 எஃப்/2.8 ஜிஎம் (680), 70-200 எஃப்/2.8 ஜிஎம், 2016இல் வந்த முதல் பதிப்பு (1480), 35 எஃப்/1.8 (280). அடைப்பில் இருப்பது எடை. லென்ஸின் முதல் எண் ஃபோக்கல் லெங்த், மி.மீ.யில்: எண் சின்னதானால் காட்சி அகலம், பெரிதானால் தூரத்தில் இருப்பது நெருங்கித் தெரியும். எஃப் எண் சின்னதானால் ஒளி அதிகம் வாங்கும். ஜிஎம் சோனியின் உயர்தர வரிசை. கூட்டினால் 3753 கிராம். ட்ரைபாட், சார்ஜர், பை இதில் சேரவில்லை. விமானத்தில் கைப்பைக்கு 7 கிலோதான்.

ஒவ்வொரு லென்ஸையும் வெளியே எடுத்து வைக்கிறேன், "ஒருவேளை தேவைப்பட்டால்?" என்று திரும்ப உள்ளே வைக்கிறேன். எதை விடுவது?

ஒற்றைவில்லை

35ஐ மட்டும் மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். பாடியோடு ஒரு கிலோகூட வராது.

பறவைக்கண்

நகரத்துக்கு 35 போதும், ஒத்துக்கொள்கிறேன். காட்டில் 35ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வார்? ஜீப் ஓடும் தடத்தை விட்டு இறங்க முடியாது. நாம் நெருங்கிப் போக முடியாத இடத்தில் லென்ஸ்தான் நெருங்க வேண்டும்.

வில்லைப்பை

நண்பரே, லென்ஸ்களை வெளியே எடுத்து வைத்துப் பார்க்கும்போது எல்லாமே தேவை மாதிரிதான் தெரியும். பையை மூடி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறங்கள். உங்கள் பழைய பயணப் படங்களில் எந்த ஃபோக்கல் லெங்த்தில் எத்தனை எடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். லைட்ரூம் கிளாசிக் மென்பொருளில் லைப்ரரி பக்கத்தில் மெட்டாடேட்டா ஃபில்டரைத் திறந்து ஒரு பத்தியில் ஃபோக்கல் லெங்த்தைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு வந்துவிடும். அது இல்லையென்றால் டிஜிகேம், எக்ஸிஃப்டூல் இரண்டும் இலவசம், இரண்டிலும் இதைச் செய்யலாம்.

ஆனால் ஒன்று. எடுத்த எல்லாப் படங்களையும் எண்ணாதீர்கள். நீங்களே பொறுக்கி எடுத்து நட்சத்திரம் போட்டவை, யாருக்காவது அனுப்பியவை, பிரிண்ட் போட்டவை, அவற்றை மட்டும் எண்ணுங்கள். இரண்டு கணக்குக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும். டெலி லென்ஸில் (தூரத்தை நெருக்கிக் காட்டுவது) ஒரு பறவை பறந்தால் நூறு ஃப்ரேம் ஓடிவிடும், அதில் தேறுவது ஒன்றோ இரண்டோ. வைட் லென்ஸில் (அகலமாகக் காட்டுவது) எல்லோரும் மலையைப் பார்த்து மளமளவென்று அமுக்குவோம், வீட்டுக்கு வந்து பார்த்தால் மலை சுருங்கிப்போய் முக்கால்வாசி ஃப்ரேம் வெறும் தரையாக இருக்கும். எந்த லென்ஸ் நிறைய ஓடியது என்பது இங்கே முக்கியமில்லை. எந்த லென்ஸில் வந்த படத்தை நீங்கள் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

அதைச் செய்துவிட்டு வந்து சொல்லுங்கள். அதுவரை யார் எந்த லென்ஸைச் சொன்னாலும், நான் உட்பட, அது அவரவர் பைக்கான பதில்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. மலை ஏறும்போது மீதிச் சாமான்களை எங்கே வைப்பீர்கள்? நடை தொடங்கிய ஊருக்கே திரும்பி வருகிறீர்களா, இல்லை வேறு பக்கம் இறங்கிவிடுவீர்களா? திரும்பி வருவதாக இருந்தால் இது ஒரு பை இல்லை, இரண்டு பை.

தூரத்துமலை

நடை தொடங்கும் ஊரிலேயேதான் முடிகிறது. அங்கே விடுதியில் பெட்டியை வைத்துவிட்டுப் போகலாம். கணக்குப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உச்சிவெயில்

மலைப்பகுதியைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன், நான் அதிகம் போவது அங்கேதான்.

மலையில் முதலில் யோசிக்க வேண்டியது எந்த லென்ஸ் என்பதல்ல, கேமரா உடம்பில் எங்கே தொங்குகிறது என்பது. பைக்குள் இருக்கும் கேமரா வெளியே வராது. மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருக்கும்போது நின்று, பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, துணியை விலக்கி எடுக்க யாருக்கும் மனம் வராது. பையின் தோள்பட்டையில் மாட்டும் கிளிப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கேமரா லென்ஸோடு சேர்த்து மார்பு உயரத்தில், லென்ஸ் கீழ்நோக்கித் தொங்கும். கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் ஆடி வயிற்றில் இடிக்கும், குனிந்தால் பாறையில் மோதும். கிளிப்பில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் 1480 கிராம் லென்ஸை அதில் மாட்டினால் ஒரு தோள் மட்டும் இறங்கி, மாலைக்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். பாடியோடு லென்ஸும் சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்குள் இருப்பது நல்லது. உங்கள் ஏ7 IIIஉம் 24-105உம் சேர்ந்து 1313 கிராம், அது சரியாக உட்காரும்.

மலைப் படக்காரர் கேலன் ரோவெல்லைப் பலருக்கும் தெரிந்திருக்கும். 1981இல் லாசாவில் பொட்டாலா அரண்மனைக்கு மேல் வானவில் நிற்கும் அந்தப் படம் அவருடையது. வானவில் அரண்மனைக்கு நேராக வருவது மாதிரியான இடத்துக்கு அந்த உயரத்தில் ஓடிப்போய் எடுத்தார். நாம் நகர்ந்தால் வானவில்லும் நகரும், சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தவருக்குத்தான் அது அரண்மனை மேல் இறங்கும். அவர் கையில் இருந்தது 35 மி.மீ. ஃபிலிம் கேமராவும் எளிய சாமான்களும். கனத்த பையோடு ஓட முடியாது.

16-35ஐ விடுங்கள் என்பது என் கருத்து. 24இல் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று வருவது மாதிரி ஐந்தாறு ஃப்ரேம் எடுத்து ஒட்டினால் 16 மி.மீ.யைவிட அகலமான காட்சி கிடைக்கும். எக்ஸ்போஷர் (ஒளி அளவு), வைட் பேலன்ஸ் (நிற அமைப்பு) இரண்டையும் பூட்டிவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும்.

தூரத்துமலை

உச்சிவெயில் அண்ணா, 16-35ஐ விட எனக்கு மனம் வராததற்குக் காரணம் இரவு வானம். மலையில் வெளிச்சமே இருக்காது, பால்வீதி எடுக்க வேண்டும் என்று பல நாள் ஆசை. அதற்கு வைட்டும் எஃப்/2.8உம் ட்ரைபாடும் வேண்டுமே.

கணக்கும் பார்த்துவிட்டேன். நட்சத்திரம் போட்ட படங்களில் பாதிக்கு மேல் 24-105இல், அதிலும் 35க்கும் 70க்கும் நடுவில். அடுத்தது 35 பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்), பெரும்பாலும் மாலை நேரம், உள்ளரங்கம். 70-200இல் நல்ல படங்கள் இருக்கின்றன, ஆனால் எல்லாமே கல்யாணம், மேடை நிகழ்ச்சி. பயணத்தில் எடுத்தது அநேகமாக இல்லை. 16-35இல் கைவிரல் விட்டு எண்ணலாம்.

வில்லைப்பை

பால்வீதி என்றால் முதலில் நிலாவைப் பாருங்கள். மலையில் இருக்கும் நாட்களில் பிறையா, பௌர்ணமியா? முழு நிலா வானத்தில் இருந்தால் எஃப்/2.8 இல்லை, எதைக் கொண்டு போனாலும் பால்வீதி கரைந்துபோகும். அமாவாசையை ஒட்டி இருந்தால் 16-35உம் ட்ரைபாடும் தாராளமாகப் போகட்டும், சுமையைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன்.

தூரத்துமலை

நாட்காட்டி பார்த்தேன். நடக்கும் நாட்களின் நடுவில் பௌர்ணமி. அந்த ஆசை இந்தப் பயணத்தில் இல்லை.

உச்சிவெயில்

பௌர்ணமி என்று வருத்தப்படாதீர்கள். நிலா வெளிச்சத்தில் பனிமலையும் பள்ளத்தாக்கும் பகல் மாதிரி விளங்கும், மேலே நட்சத்திரங்களும் தெரியும். அதற்கு உங்கள் 35 எஃப்/1.8 போதும், எஃப்/2.8ஐவிட ஒன்றேகால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி) அதிகமாகவே ஒளி வாங்கும். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்வதால் ஷட்டரை நீளமாகத் திறந்து வைத்தால் நட்சத்திரம் கோடாகும். 500ஐ ஃபோக்கல் லெங்த்தால் வகுப்பது பழைய கணக்கு, 35க்கு 14 விநாடி வரும். 24 மெகாபிக்சல் சென்சாரில் பெரிதாக்கிப் பார்த்தால் அதிலேயே இழுத்திருப்பது தெரியும், 8 முதல் 10 விநாடிக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய ட்ரைபாடும் வேண்டாம். உள்ளங்கை நீளக் குட்டி முக்காலியை ஒரு பாறை மேல் வைத்து, இரண்டு விநாடி டைமர் போட்டால் சரி.

சுவடு

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். ட்ரைபாட் வேண்டாம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அருவி, ஓடை, அந்தி நேரத்து நகரம் இவையெல்லாம் நான் விரும்பி எடுப்பவை. ட்ரைபாட் ஆளை மெதுவாக்கும், நின்று ஃப்ரேமைப் பார்க்க வைக்கும். கார்பன் ஃபைபரில் ஒன்றேகால் கிலோவுக்கே நல்லது கிடைக்கிறது.

வில்லைப்பை

சுவடு, நீங்கள் சொல்வது உங்களுக்குச் சரி, ஏனென்றால் நீங்கள் அதற்காகவே போகிறவர். அதிகாலையில் எழுந்து ஓடைக் கரையில் ஒரு மணி நேரம் நிற்பீர்கள். இவர் நாலு பேரோடு நடக்கிறார். நாலு பேர் பையை மாட்டிக்கொண்டு காத்து நிற்கும்போது ட்ரைபாட் காலை விரிக்க யாருக்கும் மனம் வராது. பல கோட்டைகளிலும் அருங்காட்சியகங்களிலும் ட்ரைபாடை உள்ளே விடுவதும் இல்லை. ஏ7 IIIஇல் பாடியிலேயே நடுக்கக் கட்டுப்பாடு இருக்கிறது. 24இல் சுவரில் சாய்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டால் கால் விநாடி வரை கையிலேயே எடுக்கலாம், ஓடைத் தண்ணீர் பால்போல வழிய அது போதும். ஒரே மாதிரி நாலைந்து தட்டினால் ஒன்று கூர்மையாக இருக்கும்.

சுவடு

கூட வருகிறவர்கள் விஷயம் எனக்குத் தோன்றவில்லை. சரிதான்.

பறவைக்கண்

இப்போது காடு. இதுதான் எனக்குத் தெரிந்த இடம்.

200 மி.மீ. பத்தாது. யானை, காட்டெருமை என்றால் சமாளிக்கலாம். மான் கொஞ்சம் தள்ளி நின்றாலே ஃப்ரேமில் சின்னதாகிவிடும், பறவையென்றால் கேட்கவே வேண்டாம். ஏபிஎஸ்-சி கிராப் (சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துவது) போட்டால் 300 மாதிரி தெரியும், ஆனால் 24 மெகாபிக்சல் 10 ஆகிவிடும். அது பின்னால் வெட்டிக்கொள்வதற்குச் சமம்தான், புதிதாக எதுவும் கிடைக்காது.

உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, 70-200க்கு 2x டெலிகன்வர்ட்டர் (லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டி ஃபோக்கல் லெங்த்தை இரட்டிப்பாக்குவது), 207 கிராம். 140-400 ஆகும், இரண்டு ஸ்டாப் போய் எஃப்/5.6. மொத்தம் 1687 கிராம். முதல் பதிப்பு ஜிஎம்மில் 2x போட்டால் முழுத் திறப்பில் கூர்மை இறங்கும், எஃப்/8க்கு மூட வேண்டி வரும். இரண்டு, டாம்ரான் 50-400 எஃப்/4.5-6.3, 1155 கிராம், நடுக்கக் கட்டுப்பாடு உண்டு. வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குவதற்கு இது நேரமில்லை.

டாம்ரானில் ஒரு குறையைச் சொல்லாமல் விடக் கூடாது. ஜீப் கிளம்புவது விடியலில். எஃப்/2.8இல் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன் எண்) 1600 கேட்கும் வெளிச்சத்துக்கு எஃப்/6.3இல் ஐஎஸ்ஓ 8000 வரும். முதல் அரை மணி நேரம் புள்ளி புள்ளியாக நாய்ஸ் தெரியும் படங்கள்தான். ஏ7 III அதைத் தாங்கும், நாய்ஸ் நீக்கும் மென்பொருள்களும் இப்போது நன்றாக வேலை செய்கின்றன. எனக்கு 8000இல் ஒரு கூர்மையான படம், 1600இல் வெட்டிப் பெரிதாக்கியதைவிட மேல். இதில் வேறு கருத்து உள்ளவர்களும் இருப்பார்கள்.

ஜீப்பில் லென்ஸ் மாற்றாதீர்கள். முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதி செம்மண் மாவு மாதிரி, சட்டை மடிப்பில், இமையில், ஜிப் பல்லில் எல்லாம் ஒட்டும். மிரர்லெஸ் பாடியில் (உள்ளே கண்ணாடி இல்லாத உங்கள் கேமரா மாதிரி) லென்ஸைக் கழற்றினால் சென்சார் நேராகத் திறந்து கிடக்கும். ஏறும் முன்பே டெலியை மாட்டுங்கள், இறங்கி அறைக்குப் போய்க் கழற்றுங்கள். நடுவில் அகலமான காட்சி வந்தால் போன் இருக்கிறது.

அப்புறம் பீன் பேக். காலிப் பையாக எடுத்துப் போனால் கனமே இல்லை, போய்ச் சேர்ந்த இடத்தில் ஏதாவது தானியத்தை வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். ஜீப் கம்பியின் மேல் போட்டு லென்ஸை அழுத்தி வைத்தால் 400 அசையாது. இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருந்தால் அந்த அதிர்வு பீன் பேக்கையும் தாண்டி வரும்.

மேடைவிளக்கு

விடியல் வெளிச்சத்தில் நான் 70-200 எஃப்/2.8 பக்கம். விலங்கு முகம் மட்டும் நிறைக்கும் படம் ஆயிரம் பார்த்தாயிற்று. மூடுபனியில் மரங்களுக்கு நடுவே சின்னதாக நிற்கும் மான், அது 135இல் எடுக்கிற படம். காடும் சேர்ந்து தெரியும். தன்னிடம் இருக்கிற, கைக்குப் பழகிய லென்ஸை விட்டுவிட்டு வாடகை லென்ஸோடு போவதும் எனக்கு ஒப்பவில்லை.

பறவைக்கண்

135இல் எடுக்கிற படத்தை 50-400இலும் எடுக்கலாம், ஸ்டாப்தான் குறையும். ஆனால் பழக்கம் பற்றிச் சொன்னது உண்மை. வாடகைக்கு எடுத்தால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி, காக்கை, நாய், ஓடும் சைக்கிள் என்று கிடைப்பதையெல்லாம் எடுத்துப் பாருங்கள். ஜூம் வளையம் எந்தப் பக்கம் சுழல்கிறது என்பது கைக்குத் தெரிய வேண்டும். சோனிக்கு ஒரு பக்கம், இதற்கு ஒரு பக்கம் என்றால் மான் திரும்பும் நொடியில் நீங்கள் ஜூமைப் பின்னால் இழுத்துக்கொண்டிருப்பீர்கள்.

சக்கரப்பை

பேட்டரி பற்றி யாரும் சொல்லவில்லை. உபரி லித்தியம் பேட்டரிகள் எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. பவர் பேங்கும் அப்படியே. 100 வாட்-ஹவர் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். உங்கள் சோனி பேட்டரி 16.4 வாட்-ஹவர், 20000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74. எல்லாம் எல்லைக்குள்தான். ஆனாலும் சில நிறுவனங்கள் எண்ணிக்கைக்கும் தனி வரம்பு வைத்திருக்கின்றன, டிக்கெட்டோடு அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முனைகளில் டேப் ஒட்டுங்கள் அல்லது மூடி போடுங்கள். சாவியோ நாணயமோ பட்டால் ஷார்ட் ஆகும்.

மலையில் குளிர் பேட்டரியின் சக்தியைக் குறைத்துக் காட்டும். உபரியைச் சட்டையின் உள்பாக்கெட்டில் உடம்போடு வையுங்கள், இரவில் தூங்கும் பைக்குள். காலி என்று காட்டிய பேட்டரியைச் சூடேற்றிப் போட்டால் இன்னும் கொஞ்சம் ஓடும், எறிந்துவிட வேண்டாம்.

உச்சிவெயில்

குளிர் என்றதும் இன்னொன்று. வெளியில் உறைந்துபோன கேமராவை அப்படியே அடுப்பெரியும் அறைக்குள் கொண்டு வராதீர்கள். கண்ணாடி மேலே மட்டுமில்லை, உள்ளேயும் நீர் கோக்கும். கதவுக்கு வெளியே நிற்கும்போதே கேமராவை ஜிப் கவரில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து மூடிவிட்டு உள்ளே வாருங்கள். நீர் கவரின் வெளிப்பக்கம் கோக்கும், கேமரா உள்ளே மெதுவாகச் சூடாகும். ஒன்றிரண்டு மணி நேரம் திறக்காதீர்கள். அன்று எடுத்ததைப் பார்க்க ஆவலாக இருந்தால் கவரில் போடும் முன் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

இருட்டறை

நான் ஃபிலிம்காரன், டிஜிட்டல் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இதைப் படிக்கும் ஃபிலிம்காரர்களுக்கு மட்டும்: விமான நிலையங்களில் இப்போது வரும் சிடி ஸ்கேனர்கள், ஃபிலிமை ஒரு தடவையிலேயே மூட்டமாக்கிவிடும். ரோல்களைக் கண்ணாடி போன்ற கவரில் தனியாக வைத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். டிஜிட்டல் கார்டுக்கு ஒன்றும் ஆகாது.

தூரத்துமலை

எல்லோருக்கும் நன்றி. பை முடிவாகிவிட்டது.

நகரத்துக்கும் மலைக்கும் பாடி, 24-105, 35. மொத்தம் 1593 கிராம். மலையில் 24-105 கிளிப்பில் தொங்கும், 35 ஒரு காலுறைக்குள் பையின் மேல் பாக்கெட்டில். குட்டி முக்காலி, போலரைசர் (லென்ஸ் முன்னால் மாட்டும் ஃபில்டர்), பேட்டரி நாலு. காட்டுக்கு டாம்ரான் 50-400, வாடகைக்குச் சொல்லிவிட்டேன். பறவைக்கண் அக்கா, ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுகிறேன். மேடைவிளக்கு சொன்ன மூடுபனி மானை எஃப்/6.3இல் முயற்சி செய்கிறேன். பாடியும் லென்ஸ்களும் சேர்த்து 2748 கிராம், முதலில் இருந்ததைவிட ஒரு கிலோ குறைவு. 70-200உம் 16-35உம் பெரிய ட்ரைபாடும் வீட்டில் இருக்கும்.

நடக்கும் நாட்களில் டாம்ரான் விடுதியில் கிடக்க வேண்டும் என்பதுதான் உறுத்தல். வாடகைப் பொருள் வேறு.

சக்கரப்பை

வாடகைக்குக் கொடுப்பவரிடம் காப்பீடு உண்டா, திருட்டையும் சேர்த்தா என்று எழுத்தில் கேளுங்கள். சீரியல் எண்ணைப் படம் எடுத்துப் போனில் வையுங்கள். விடுதியில் பெட்டியை ஒப்படைக்கும்போது பூட்டுப் போட்டு, ரசீது கேட்டு வாங்குங்கள். கேமரா பை போலத் தெரியாத சாதாரணப் பெட்டிக்குள், துணிகளுக்கு நடுவில் வைப்பது நல்லது.

வில்லைப்பை

நல்ல பை. 35ஐக் கடைசி நேரத்தில் எடுத்துவிடாதீர்கள், 280 கிராம்தான். விளக்கு மங்கலான தங்குமிடத்தில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருக்கும் முகங்களுக்கு 24-105 ஈடாகாது.

கார்டு பற்றி ஒன்று. ஏ7 IIIஇல் இரண்டு ஸ்லாட் இருக்கிறது, இரண்டிலும் ஒரே படம் பதிவாவது மாதிரி வையுங்கள். கம்ப்ரெஸ்டு ரா (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) ஒன்று சுமார் 24 எம்பி, 64 ஜிபி கார்டில் 2500க்கு மேல் போகும். நடுவழியில் எதையும் அழிக்காதீர்கள், ஃபார்மேட்டும் வேண்டாம். ஒரு ஜோடி நிறைந்ததும் ஒரு கார்டு உங்கள் சட்டைப் பையில், இன்னொன்று கூட வருகிறவர் பையில்.

தூரத்துமலை

செய்கிறேன். போலரைசர் 24-105க்காக வாங்கியது, விட்டம் 77 மி.மீ. டாம்ரானுக்கு 67. இன்னொன்று வாங்க வேண்டுமா?

உச்சிவெயில்

வேண்டாம். 67இலிருந்து 77க்கு ஏற்றும் ஸ்டெப்-அப் ரிங் ஒன்று போதும். 35க்கு 55 மி.மீ., அதற்கும் தனி ரிங் உண்டு. ரிங் போட்டால் லென்ஸ் ஹூட் உட்காராது, வெயில் பக்கவாட்டில் அடித்தால் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் போலரைசர் வானத்தை நன்றாகக் கருநீலமாக்கும். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் தின்னும் என்பதால் காட்டில் விடியலில் கழற்றிவிடுங்கள்.

பறவைக்கண்

கிளம்பும் முன் கேமராவின் கடிகாரத்தையும் போனின் நேரத்தோடு சரிபார்த்துவிடுங்கள். ஜீப்பில் போனில் எடுத்ததும் 50-400இல் எடுத்ததும் வரிசையாக வந்து சேரும்.

தூரத்துமலை

இப்போதே பார்த்தேன், பதினோரு நிமிடம் பின்னால் இருந்தது. சரி செய்துவிட்டேன்.